இரட்டைக் கூப்பன்

பாலகாட் சர்ச்சில் அறுவடைக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் கடைகளுக்குள் ரூபாய் செல்லாது. வாசலில் லூயிசாவின் மேஜையில் காசைக் கொடுத்துக் கூப்பன் வாங்கிக்கொள்ள வேண்டும். உள்ளே பிரியாணிக்கும் கேக்குக்கும் அந்தக் கூப்பன்தான் பணம். அதிகக் கூப்பன் சேர்க்கும் கடைக்காரரின் பெயரைப் போதகர் மைக்கில் சொல்வார்.

போன வருஷம் கூட்டம் இல்லை. இந்த வருஷம் பொறுப்பேற்ற லூயிசா, நூறு ரூபாய்க்கு இருநூறு ரூபாய்க் கூப்பன் என்று அறிவித்தாள். வெறும் அச்சடித்த காகிதம்தானே, கமிட்டியும் தலையாட்டிவிட்டது. ஆராதனை முடிந்ததும் மேஜையைச் சுற்றி ஜனம் மொய்த்தது. லூயிசாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெருமை மதியம் வரைகூட நிற்கவில்லை. எதிர்வீட்டுப் பார்வதம்மா கையில் கூப்பன்களோடு வந்து நின்றார்.

"இன்னா லூயிசா இது? காலைல நூறு ரூபா பிரியாணி, இப்போ நூத்தி எண்பதுன்றாரு சைலஸ். அதுக்குள்ள அரிசி வெலை ஏறிப்போச்சா?"

மேஜையைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு லூயிசா பிரியாணிக் கடைக்குப் போனாள். சைலஸ் வியர்த்து வழியப் பரிமாறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஏன் ஏத்தினீங்க?"

"நான் எங்கம்மா ஏத்தினேன்? இருக்கறது ஒரே அண்டா. எல்லார் கையிலயும் கூப்பன் ஜாஸ்தியா கீது. நூத்தி எண்பதுன்னாலும் வாங்கறாங்க, நான் இன்னா பண்றது?"

வரிசையில் நின்றவர்கள் அவசரப்பட்டார்கள். இன்னும் ஏறிவிடும் என்ற பயத்தில் ஒருவர் மூன்று பொட்டலம் கேட்டார். அதைக் கேட்டுப் பின்னால் இருந்தவர் நான்கு கேட்டார். சைலஸ் கண்ணெதிரிலேயே விலையை இருநூறாக்கினார்.

லூயிசா அசந்துபோனாள். அண்டாவில் ஒரு கைப்பிடி சோறுகூடக் கூடவில்லை. கூடியது அவள் கொடுத்த காகிதம் மட்டும்தான். கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க முடியாது. ஆனால் ஜனங்களே அதைப் பையில் வைத்துக்கொள்ளும்படி செய்ய முடியாதா?

இரட்டைக் கூப்பனை உடனே நிறுத்திவிட்டு மைக்கைப் பிடித்தாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடு, கோழி ஏலம் இருக்குது. இன்னிக்கு செலவு பண்ணாம வெச்சிருக்கற ஒவ்வொரு நூறு ரூபா கூப்பனுக்கும் அன்னிக்கு நூத்தி ஐம்பது மதிப்பு!"

வரிசை கரைந்தது. கூப்பனை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு பலர் மரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் பிரியாணி நூற்று முப்பதுக்கு இறங்கியது. லூயிசாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு பாத்திரத்தையும் தொடாமல், ஒரு வார்த்தையால் விலையை இறக்கியிருந்தாள்.

அப்போது கேக் கடை ஐடா வேகமாக வந்தார். "நல்லா பண்ணீங்க லூயிசா! ராத்திரியெல்லாம் முழிச்சி சுட்ட கேக்கு. ஒரு ஆளு திரும்பிப் பாக்கல. இத நான் எங்க கொட்டறது?"

லூயிசாவுக்கு முகம் சுருங்கியது. மறுபடி மைக்கைப் பிடித்து, நூற்று ஐம்பதை நூற்றுப் பத்தாகக் குறைத்தாள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் எழுந்து கேக் வாங்கப் போனார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் விற்றுத் தீர்ந்தது.

திங்கட்கிழமை லூயிசா வேலைக்குப் போகும் பெங்களூர் ரயிலில் யாரோ போனில் செய்தி வைத்திருந்தார்கள். ரிசர்வ் வங்கி வட்டி விகிதத்தை மாற்றவில்லை என்றது குரல். மற்ற நாளாக இருந்தால் லூயிசா ஜன்னலில் சாய்ந்து தூங்கியிருப்பாள். இன்றைக்குத் தான் மைக்கில் சொன்ன நூற்று ஐம்பதும் நூற்றுப் பத்தும் ஞாபகம் வர, பக்கத்து சீட் உதய் பக்கம் திரும்பினாள். அவன் ஒரு வங்கியில் வேலை செய்பவன்.

"உதய், எவ்ளோ வட்டி வெச்சா சரியா இருக்கும்னு அவங்களுக்கு எப்படித் தெரியுது?"

"கணக்கெல்லாம் போடுவாங்கக்கா. ஆனா முழுசா யாருக்கும் தெரியாது. வெச்சிப் பாத்து, அப்புறம் மாத்துவாங்க."

அடுத்த ஞாயிறு ஏலத்துக்கு, மிச்சம் பிடித்தவர்கள் எல்லோரும் கூப்பன் கட்டோடு வந்துவிட்டார்கள். ஆடுகள் மூன்றே மூன்று. விலை ஏறிய வேகத்தைப் பார்த்துப் போதகரே வாய்பிளந்தார். ஒரு கோழிகூடக் கிடைக்காத பார்வதம்மா லூயிசாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வெச்சிருன்னு சொன்னியே, வெச்சிருந்தேன். இப்போ இன்னா ஆச்சி?"

"அதத்தான் ஆன்ட்டி நானும் யோசிக்கிறேன்" என்றாள் லூயிசா. "ரெண்டு பேரும் சேர்ந்து யோசிக்கலாம், வாங்க. டீ என் செலவு."