சொல்லாத சரி

அந்த அறையிலும், தலைமையகத்திலிருந்து அங்கே வரும் லைனிலும் 'சரி' என்ற சொல்லை விளையாட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது. நிலத்துக்கு அடியில் இரண்டு நாற்காலிகள், இரண்டு சாவிகள்; ஒரே ஆள் இரண்டையும் எட்டித் திருப்பிவிட முடியாது. தலைமையகம் படிக்கும் குறியீட்டை இருவரும் தங்கள் அட்டையோடு ஒப்பிட்டு, பொருந்தினால் 'சரி' என்பார்கள். இரண்டு சரியும் விழுந்தால் சாவிகள் திரும்பும், அணு ஏவுகணைகள் கிளம்பும். மற்றதுக்கெல்லாம் 'ம்', 'ஆகட்டும்' தான்.

அந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்காரும் மேஜருக்கு இந்தப் பழக்கம் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. "நான் சொன்னதுக்கு ஒரு தடவையாவது சரின்னு சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்?" என்று மனைவி பார்ப்பவரிடமெல்லாம் புலம்புவாள்.

எல்லையில் சண்டை மூண்ட வாரம், ஒரு காலையில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"சரி, எழுதிக்குங்க," என்று தொடங்கிய குரல் குறியீட்டைப் படித்தது. அட்டையோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

"சரி," என்றான் புலி. கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடும் இளைய அதிகாரிக்கு மேஜர் வைத்த பெயர் அது. முகம் வெளுத்திருந்தாலும் கை சாவிக்குப் போய்விட்டது.

மேஜர் அட்டையை இன்னொரு முறை ஒப்பிட்டார். உத்தரவு நிஜமாக இருந்து அவர் மறுத்தால் துரோகிப் பட்டம். பொய்யாக இருந்து அவர் சொல்லிவிட்டால்? அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் போவார்கள். பதிலுக்கு இந்தப் பக்கத்துப் பிள்ளைகள், அவர் மகளும் சேர்த்து.

"பொருந்துது சார். சொல்லுங்க."

"எடுத்த எடுப்புல என்ன சொன்னான், கேட்டியா? சரி, எழுதிக்குங்கன்னான்."

"பயத்துல வாய் தவறியிருக்கும் சார்."

"பயந்தவன் வார்த்தையை அளந்துதான்டா பேசுவான். இவன் ஒத்திகைன்னு நினைச்சுக்கிட்டுப் படிக்கிறான்."

மேஜர் போனை எடுத்தார். "இது அசல் லைன். உங்க கையில இருக்கிறது எந்த அட்டை? பார்த்துச் சொல்லுங்க."

மறுமுனையில் நாற்காலி விழும் சத்தம் கேட்டது. "ஒத்திகைன்னு நினைச்சேன்; லைனும் மாறிடுச்சு, அட்டையும் மாறிடுச்சு சார். தொடாதீங்க, ரத்து," என்றது குரல். புலி சாவியிலிருந்து கையை எடுத்து, அந்தக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

மாலையில் வீட்டுக்கு வந்ததும் மகள் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகணுமாம்," என்றாள் மனைவி. "இன்னைக்காவது சரின்னு சொல்லித் தொலைங்களேன்."

"போவோம்."

"அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில வராதே உங்களுக்கு."

மேஜர் மகளைத் தூக்கிக்கொண்டார். "வராததாலதான் போகப்போறோம்," என்றார்.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை.