அழு அட்டை

விடிந்தும் விடியாத நேரத்தில், தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிக்குக் கூலிக்கு வந்த பார்வையாளர்கள் வெறும் மேடையைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பாட யாரும் வந்திருக்கவில்லை. கைதட்டலை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டால் வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொள்ளலாம் என்பது கம்பெனியின் யோசனை. தகரக் கொட்டகைக்குள் புதுப் பெயிண்ட் வாடையும் சூடேறிய வயர் வாடையும் மூக்கை அடைத்தன. உள்ளங்கைகள் சிவந்தன, எரிந்தன, கடைசியில் மரத்துப்போயின.

"உற்சாகமாத் தட்டுங்க! கொசு அடிக்கிற மாதிரி தட்டாதீங்க!" என்று ஒலிபெருக்கியில் இயக்குநர் கத்தினார்.

"வயித்துல ஏதாச்சும் இருந்தா சத்தம் தானா வரும்" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள்.

மேடைக்குக் கீழே நின்று அட்டை தூக்குகிறவருக்கு அட்டைக்காரர் என்றே பெயர். 'தட்டு', 'எழு', 'அழு' என்று மூன்று அட்டைகள் வைத்திருந்தார். அவசரத்தில் 'அழு'வுக்குப் பதில் 'எழு'வைத் தூக்கிவிடுவார். உருக வேண்டிய கூட்டம் சடாரென்று எழுந்து நிற்கும்.

"அண்ணே, 'அழுங்க'ன்னு மரியாதையா எழுதினா என்ன, குறைஞ்சா போயிடுவீங்க?"

"அட்டையில இடமில்லம்மா. மரியாதைக்குப் பெரிய அட்டை வேணும்."

கேட்டவள் முன்வரிசையின் நடுவில் உட்காருகிறவள். எல்லோருக்கும் அவள் அக்கா. சொன்ன மாத்திரத்தில் அழுவாள். இமைக்காமல் மேல்விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் தானாக நிறையும் என்பது அவள் கண்டுவைத்த வழி. அந்த விளக்கைக் கட்டுகிறவன் அவளுடைய தம்பி.

அன்றும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பியில் ஒரு காலை மடக்கி, விளக்கைத் திருப்ப எட்டினான் தம்பி. விழாமல் கட்டிக்கொள்ளும் இடுப்புவார் அறுந்துபோயிற்று, புதிது வாங்கிக் கொடுங்கள் என்று விளக்குக்காரர்கள் எத்தனையோ முறை கேட்டும் கம்பெனி காது கொடுக்கவில்லை. அவள் கண் முன்னால், அவள் பார்த்துக்கொண்டிருந்த வெளிச்சத்திலிருந்து, அவன் விழுந்தான்.

அவள் வாய்விட்டுக் கதறினாள். வரிசை முழுக்க அழுதது. அட்டை யாரும் தூக்கவில்லை. கேமராவை யாரும் நிறுத்தவுமில்லை.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரி வார்டின் சுவர்த் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி ஓடியது. இறந்துபோன அப்பாவை நினைத்து ஒரு சின்னப் பெண் பாடினாள். பாட்டு உச்சத்துக்குப் போன இடத்தில் திரை முழுக்க ஒரு முகம் கதறியது.

பக்கத்துக் கட்டில்காரரின் மனைவி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "எப்படிக் கரையுறா பாருங்க! எனக்கே தாங்கல." கைப்பேசியை எடுத்துப் பாடிய பெண்ணுக்கு ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பியவள் திகைத்தாள். "அட, அது நீங்கதானே!"

அக்கா தம்பியின் போர்வையை இழுத்துவிட்டாள். கட்டிலில் கிடந்த தம்பிதான் பேசினான்.

"அது நான் விழுந்தப்போ அழுதது. என் காலை உடைச்சு ஓட்டு வாங்கிட்டானுங்க."

அந்த அம்மாள் கைப்பேசியை மெல்லக் கீழே வைத்தாள். "அப்போ நான் எதுக்கு அழுதேன்?"

அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் கால் நேராகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். செலவுக்குக் கம்பெனி கைவிரித்தது. அன்று வார்டிலிருந்து வந்த அக்கா முன்வரிசையில் ஒவ்வொருவரிடமும் போய்ப் பேசினாள். முன்வரிசை பின்வரிசையிடம் சொன்னது. மேலே கம்பியில் நிற்கிறவர்களுக்கு இரண்டாம் முறை சொல்லத் தேவையிருக்கவில்லை. அட்டைக்காரர் மட்டும், "என் வீட்டுலயும் அடுப்பு எரியணும்மா" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

இறுதிப் போட்டியன்று காலையில் யாரும் வெறும் மேடைக்குக் கைதட்டவில்லை. முதலாளியே இறங்கி வந்தார்.

"என்னம்மா, அழுகைக்குப் பஞ்சமா? பழசு எங்ககிட்ட நிறையக் கிடக்கு. எடுத்து ஒட்டிக்குவோம்."

"இன்னிக்கு நேரடி ஒளிபரப்பாச்சே சார். ஒட்ட நேரம் இருக்குமா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "விழுந்தவன் எங்க ஆளே இல்ல. காண்ட்ராக்ட் ஆளு."

"அவன் உங்க ஆளு இல்ல. அவனுக்காக நான் அழுதது மட்டும் உங்களுதா?"

"இந்த நாற்காலிக்கு வெளியில வரிசையில நிக்கிறாங்க, தெரியுமில்ல?"

"கூப்பிடுங்க. அவங்களுக்கும் கூடப் பிறந்தவங்க இருப்பாங்க." அவள் விரல்விட்டு எண்ணினாள். "அவன் ஆபரேஷன் செலவை ஏத்துக்குங்க. மேல நிக்கிற எல்லாருக்கும் இடுப்புவார் குடுங்க. அதுவரைக்கும் இந்தக் கண்ணு நனையாது, இந்தக் கை தட்டாது."

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு முதலாளி மேடையோரம் போய் நின்றார்.

கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. அதே சின்னப் பெண் அதே அப்பா பாட்டைப் பாடினாள். நல்ல குரல்தான். அக்கா மேல்விளக்கைப் பார்க்கவில்லை. மடியில் கோத்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தது. 'அழு' அட்டை உயர்ந்தது.

ஒரு விசும்பல் இல்லை. ஒரு கை அசையவில்லை. கேமரா ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டு போயிற்று. எல்லாக் கண்களும் காய்ந்திருந்தன. தொகுப்பாளர் எதையோ சொல்லத் தொடங்கி, பாதியில் மறந்துபோய் நின்றார்.

"அழு! அழுவைத் தூக்கு, நல்லாத் தூக்கு!" முதலாளி பல்லைக் கடித்தார்.

அட்டைக்காரர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். 'அழு'வைத் தரையில் கவிழ்த்துப் போட்டார். குனிந்து இன்னொன்றை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தார்.

'எழு.'

இந்தத் தடவை அது தவறிப்போய் வந்ததல்ல.

கொட்டகை முழுக்க எழுந்தது. முதலாளியின் முகத்தில் ஒரு கணம் நிம்மதி படர்ந்தது. தட்டப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். யாரும் தட்டவில்லை. எழுந்த கூட்டம் மேடையை விட்டு அவர் பக்கம் திரும்பியது. மேலே கம்பிகளில் விளக்குக்காரர்களும் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து நின்றார்கள். முதலாளியின் கைப்பேசி சட்டைப்பைக்குள் விடாமல் அதிர்ந்தது. அவர் எடுக்கவில்லை.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. வார்டில் தம்பி பார்த்துக்கொண்டிருப்பான்.

அட்டைக்காரரின் கையில் அட்டை ஒரு பக்கம் சாய்ந்தது. அக்கா வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவர் அருகில் போய், அட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.