சங்கல்பத்தில் விட்ட பெயர்

கல்கத்தாவில், பாலிகஞ்சில் எங்கள் ஃபிளாட்டில் சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஆறு மணிக்குப் பாராயணம். இருபது வருஷமாக நான்தான் நடத்துகிறேன். பாங்கில் மேனேஜராக இருந்தவன். ரிடையரான பிறகு அதிகாரம் பண்ண எனக்குக் கிடைத்தவர் பகவான் ஒருவர்தான். ஆரம்பிக்கும் முன் சங்கல்பம் உண்டு. யாருக்கு உடம்பு சரியில்லையோ அவர்களுடைய பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி, அவர்களுக்காகப் படிக்கிறோம் என்று வேண்டிக்கொள்வோம். பெயர்களைச் சொல்வது நான்.

வாராவாரம் படிக்க வருகிற சௌந்தரத்தின் கணவன் திருவேங்கடத்துக்குக் கணையத்தில் புற்றுநோய். கார்டன் ரீச்சில் ரயில்வே ஆபீஸில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். நாலு மாதம் அவன் பெயரைச் சொன்னோம். ஒரு சனிக்கிழமை, எல்லார் கையிலும் சுண்டல் இருக்கும்போது சௌந்தரம் கேட்டாள்:

"மாமா, அவர் வலி தாங்காம கத்தறார். நாம படிக்கறதை அங்கே மேலே யாராவது கேட்கறாளா, இல்லே நாமளே படிச்சு நாமளே கேட்டுண்டிருக்கோமா?"

எனக்குச் சுருக்கென்றது. அதே சந்தேகம் எனக்கும் வந்ததுண்டு. அதனால்தான் அவ்வளவு கோபம். "சந்தேகத்தோட வந்து உட்கார்ந்தா பலன் எப்படிம்மா வரும்? உன் சந்தேகம்தான் அவனைப் படுத்தறது" என்றேன். சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அப்புறம் அவள் வரவில்லை. அடுத்த வாரம் சங்கல்பத்தில் திருவேங்கடத்தின் பெயரை விட்டேன். மறதியால் அல்ல, வீம்புக்கு. நம்பாதவளுக்காக நான் ஏன் சொல்ல வேண்டும்? ஏழு வாரம் சொல்லவில்லை. கூட உட்கார்ந்தவர்கள் கவனித்தார்கள். என்னிடம் பயம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எட்டாவது வாரம் அவன் போய்விட்டான்.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து நான் கிளம்பும்போது சௌந்தரம் வாசல்வரை வந்தாள். அன்றைக்குச் சொன்ன வார்த்தைக்கு என்னை நாலு கேள்வி கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன்.

"உங்களுக்கு நன்றி சொல்லணும் மாமா. நான் சுவாமியை வாய்க்கு வந்தபடி திட்டிண்டுதான் இருந்தேன். ஆனா சனிக்கிழமை ஆறு மணி ஆச்சுன்னா அவர் காதுல சொல்லுவேன், 'இப்ப பட்டாபி மாமா உங்க பேரைச் சொல்றார்'னு. அந்த ஒரு மணி நேரம் கத்த மாட்டார். அவரைப் பார்த்துண்ட ஆயா மாஸிகூட எப்படா ஆறு அடிக்கும்னு காத்துண்டிருப்பா."

தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், அவளுக்குக் கடைசிவரை தெரிந்திருக்காது. அந்த நன்றியை வாங்கிக்கொண்டு படியிறங்க என்னால் முடியவில்லை.

"நான் சொல்லலைம்மா. நீ வராம போனதுலேர்ந்து ஒரு தடவைகூட அவன் பேரைச் சொல்லலை. உன் மேல கோபம்."

உள்ளே யாரோ பாத்திரம் அலம்பிக்கொண்டிருந்தார்கள்.

"தெரிஞ்சிருந்தாலும் அவர்கிட்ட அதையேதான் சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரலாமா மாமா? எனக்கு இன்னும் சந்தேகம் போகலை."

என்னிடம் போய் உத்தரவு கேட்டாள். செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.