ரேடியோ சொல்லாத சேதி

சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாயில் சர்க்கரையைப் போடவேண்டும். எந்த வீட்டு மாமியார் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார் என்பது ஒரு சவரம் முடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தன் விஷயத்தில் மட்டும் அந்த ரேடியோ கப்சிப். கழுத்தில் கட்டிகள் வந்து, புற்றுநோய் என்றாகி, பழைய மருந்துகள் கைவிட்டபின் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்து ஆய்வில் சேர்ந்திருந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அங்கே அவருக்கு வாய்த்தவள் கேள்வி சிஸ்டர். மருந்து நோயாளிகளை என்ன செய்கிறது என்று கேட்டு எழுதுவதுதான் அவளுக்கு உத்தியோகம். வீடு அடுத்த தெரு. கணவர் ரேடியோவின் நிரந்தர வாடிக்கை. இருந்தும் ஆஸ்பத்திரியில் இருவரும் அன்றுதான் அறிமுகமானவர்களைப் போலப் பேசிக்கொள்வார்கள்.

"வாந்தி?"

"இல்ல சிஸ்டர்."

"தூக்கம்?"

"படுத்தா கட்டைதான்."

"கை கால் மரத்துப்போகுதா?"

"அட, நீங்க வேற! கல்லு மாதிரி இருக்கேன்."

கட்டிகள் கரைந்துகொண்டுதான் வந்தன. ஆனால் இந்த மருந்தை ஏற்றிக்கொண்டு ஒரு முனகல்கூட முனகாத ஆளை அவள் கண்டதில்லை. அதுதான் உறுத்தியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவர் தாடையெல்லாம் சவரக் கீறல், அதன்மேல் படிகாரம் பூத்து வந்து நின்றார்.

"என்னங்க, பூனையோட சண்டையா?"

"எல்லாம் நம்ம ரேடியோ வேலைதான். சீப்பு கைநழுவி விழுது, மனுஷனுக்கு அதுகூடத் தெரியல, காத்துல சீவிட்டிருக்காரு! மளிகைக்கடைக்காரர் தாடையிலயும் பஞ்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆய்வில் யார் இருக்கிறார் என்பதைக் கட்டிய கணவரிடமும் சொல்லக் கூடாது. நம்மால் ஆகிற காரியமா? அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வேற கடைக்குப் போங்களேன்."

"அங்க சேதி கிடைக்காதே!"

அடுத்த தடவை ரேடியோ வந்ததும் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்கையை விரிக்கச் சொன்னாள். சட்டைப் பொத்தான் ஒன்றை அவர் விரல்களுக்கிடையே வைத்தாள்.

"என்னண்ணா இது?"

"காசு."

அடுத்து விரல்நுனிகளின் மேல் சாவியை வைத்தாள்.

"வைங்க சிஸ்டர், எவ்வளவு நேரம் காத்திருக்கறது?"

கண்ணைத் திறந்தவர் சாவியைப் பார்த்தார். ரேடியோ அணைந்தே போனது.

"சொன்னா என்னைக் கழட்டி விட்டுடுவீங்க," என்றார் கடைசியில். "இந்த மருந்துதான் என்னை நிமித்தி வச்சிருக்கு. விரல் போனாப் போகுது, உசுரு இருக்கட்டும்."

"கழட்டி விடுவோம்னு யாரு சொன்னது? அளவைக் குறைக்க வழியிருக்கு. இப்படியே மூடி மறைச்சா விரல் திரும்பாது." கோபம் அடங்காமல் மேலும் கேட்டாள்: "கடையில பொய்ச் சேதி சொல்வீங்களா?"

நிஜமாகவே புண்பட்டுப் போனார். "மசாலா தூவுவேன். பொய் சொன்னதில்ல."

"இங்க மட்டும்? நாளைக்கு ஒரு தையல்காரருக்கு இதே மருந்தைக் குடுப்பாங்க. விரலுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்வாங்க, உங்களை நம்பி."

அவர் தலையைச் சொறிந்தார். பிறகு கொட்டித் தீர்த்தார் பாருங்கள்! செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தது, பொத்தானை மனைவி போட்டுவிடுவது எல்லாம் வந்தது. எழுதி எழுதி அவள் கைதான் மரத்துப்போயிற்று.

டாக்டர் ஒரு சுற்று மருந்தை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்தார். அடுத்த ஸ்கேன் வரும்வரை அவளுக்குச் சோறு இறங்கவில்லை. குறைத்ததில் கட்டி வளர்ந்துவிட்டால்? வாக்குக் கொடுத்தவள் அவளல்லவா! வளரவில்லை. இன்னும் சுருங்கியிருந்தது.

விரல்கள் தேறும்வரை கத்தியைத் தொடுவதில்லை, மெஷின் வெட்டு மட்டும்தான் என்று ரேடியோ அறிவித்துவிட்டார். ஆகவே இப்போது தெருவில் ஆண்கள் எல்லாருக்கும் தாடி. பெண்கள் முகம் சுளித்தாலும் யாரும் வேறு கடைக்குப் போகவில்லை. போவார்களா? ரேடியோ சொந்தக் கதையையே ஒலிபரப்ப ஆரம்பித்துவிட்டாரே!

கணவர் தாடியைத் தடவியபடி வந்தார். "சேதி தெரியுமா? ரேடியோவுக்குப் புற்றுநோயாம், இப்ப தேவலையாம். உங்க ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டராம். ஆறடி உசரமாம், போலீஸ்காரி மாதிரி உருட்டி மிரட்டினாளாம். யாரு அது?"

மேல்தட்டு டப்பாவை எடுக்க முக்காலியில் ஏறி நின்றிருந்த அவள், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அவ்வளவு உசரமா எங்ககிட்ட யாரும் இல்லையே."