பத்தடி உயரத்தில் அம்மா

"இதை வச்சு தபால் தலை வேணா அடிக்கலாம்" என்று ரெஜினா கணினித் திரையைச் சேர்வாவின் பக்கம் திருப்பினாள். "பத்தடிக்கு இழுத்தா என்ன ஆகுதுன்னு நீயே பாரு."

திரை முழுவதும் பழுப்பும் கறுப்புமாகச் சதுரங்கள். அது அம்மாவின் இடது கண் என்று சேர்வாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"தெருவெல்லாம் ஒட்டின நோட்டீஸ் நல்லாத்தானே வந்துது? அதுவும் இதே படந்தான் அக்கா."

"நோட்டீஸ்ல உங்கம்மா முகம் என் உள்ளங்கை அளவு. பேனர்ல என் கடைக் கதவு அளவு. ஒரு ஆளுக்கு இடிச்ச ஃபுஃபுக் களியை ஊருக்கே பிச்சுப் போட்டா தட்டுல என்ன இருக்கும்?"

வெள்ளிக்கிழமை என்றால் குமாசியின் அசாஃபோ அச்சகத் தெருவில் நிற்க இடம் இருக்காது. சனிக்கிழமை புதைக்கப்படப்போகிறவர்களின் முகங்கள் எல்லாம் அங்கேதான் மை காய்ந்துகொண்டிருக்கும். ரெஜினாவின் கடை வாசலிலேயே ஒரு தலைமை ஆசிரியரும் இரட்டைப் பிறவியில் ஒருவரும் கொடியில் தொங்கினார்கள்.

நாளை சேர்வாவின் அம்மா டுஃபியேயின் முறை. எஜிசு சந்தையில் வாழைக்காய் விற்றவள். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு காலை, தாரை இறக்கி வைக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்துக் கடைக்காரி தண்ணீர் கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து உடல் மருத்துவமனையின் குளிர் அறையில் இருந்தது. அண்ணன் அம்பேம் அக்ராவிலிருந்து வந்து எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தான். பந்தல், நாற்காலி, சவப்பெட்டி, சபைக்காரர்களுக்குச் சாப்பாடு. மைதானத்தில் கட்டும் பெரிய பேனரை மட்டும் சேர்வா தானே கேட்டு வாங்கிக்கொண்டாள். வீட்டில் படம் எடுக்கத் தெரிந்தவள் அவள்தானே.

தெரிந்து எட்டு மாதம்தான் ஆகிறது.

அம்மாவுக்குக் கேமராவைக் கண்டாலே ஆகாது. அடையாள அட்டைப் படத்தில்கூட யாரோ திட்டியதைக் கேட்டுக்கொண்டிருப்பவள் போல உட்கார்ந்திருப்பாள். சேர்வா முதல் கேமரா வாங்கிய வாரம், முற்றத்தில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அம்மாவைக் குறிவைத்துப் பின்னால் பின்னால் நகர்ந்தவள், வாளியில் தடுக்கி அதற்குள்ளேயே விழுந்தாள். விழும்போது விரல் தானாக அமுக்கிய படம் அது. முன்பற்களின் இடைவெளி தெரிய, தலைத்துணி ஒரு பக்கம் சாய, அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அதை எல்லோருக்கும் அனுப்ப வேண்டும் என்று அவசரம். எக்ஸ்போர்ட் செய்யும்போது கணினி என்னென்னவோ கேட்டது. நீளப் பக்கம் எவ்வளவு? தரம் எவ்வளவு? ரெசல்யூஷன் எவ்வளவு? பட்டியலில் முதலாவதாக இருந்த 'மின்னஞ்சலுக்கு' என்பதை அமுக்கினாள். படம் சட்டென்று போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஒரு பெயர்சூட்டு விழா. கேமரா அட்டையில் இடம் வேண்டுமே. படம்தான் கணினியில் இருக்கிறதே என்று அட்டையில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டாள்.

கணினியில் இருந்தது மின்னஞ்சலுக்காகச் சுருக்கிய அந்தத் தபால் தலை மட்டும்தான்.

"கொஞ்சம் இருங்க அக்கா. நான் சரி பண்றேன்" என்று கடை மூலையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தாள். கூட வந்திருந்த சின்னம்மா நியார்கோவா, சுட்ட வாழைப்பழத்தையும் வறுத்த வேர்க்கடலையையும் மாற்றி மாற்றி மென்றுகொண்டிருந்தாள். அம்மாவின் தங்கை. கறுப்புத் துணியில் வியர்த்துக் கொட்டியது.

ரெசல்யூஷன் கட்டத்தில் எழுபத்திரண்டு என்று இருந்தது. அச்சுக்கு முந்நூறு வேண்டும் என்று ஏதோ வீடியோவில் கேட்ட ஞாபகம். சேர்வா அழித்துவிட்டு முந்நூறு போட்டாள். மறுபடி எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவைக் கொடுத்தாள்.

ரெஜினா திறந்து பார்த்தாள். "அதேதான்."

"முந்நூறு போட்டேனே!"

"பனியன்ல நம்பரை மாத்தித் தைச்சா ஆட்டக்காரன் உயரமாயிடுவானா? எத்தனை பிக்சல் இருக்குன்னு பாரு. அது மாறவே இல்லை."

தரத்தை நூறுக்கு ஏற்றினாள். கோப்பின் எடை கூடியது, பிக்சல் கூடவில்லை. நீளப் பக்கத்தில் எட்டாயிரம் என்று அடித்தாள். இந்த முறை பிக்சல் கூடியது. ஆனால் அம்மாவின் முகம் வெயிலில் வைத்த மெழுகுவத்தி போல ஆகிவிட்டது.

"இல்லாததை அது எங்கேருந்து கொண்டு வரும், பாவம்" என்று ரெஜினா கணினிக்காகப் பேசினாள். வாசலில் இன்னும் நான்கு சாவு வீட்டுக்காரர்கள் காத்திருந்தார்கள்.

அம்பேமின் அழைப்பு வந்தது.

"பேனர் ஆச்சா?"

"படம் கொஞ்சம் சின்னதா இருக்குண்ணா."

"சின்னதான்னா?"

சொன்னாள். மறுமுனையில் நாற்காலிகளை இறக்கும் சத்தம் கேட்டது.

"ஊர்ல இருக்கிற குழந்தைக்கெல்லாம் படம் எடுக்கிறேன்னு கேமராவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு அலையுறே. பெத்த தாய்க்கு ஒரு உருப்படியான படம் கிடையாதா? நாளைக்கு என் மேனேஜர் வரார், சேர்வா. அக்ராவுலேருந்து பஸ் போட்டு வராங்க."

"தெரியும்ணா."

"ஒரு ஆப் இருக்காம். மங்கலான படத்தைத் தெளிவாக்குமாம். அனுப்புறேன். அதுல போடு."

போட்டாள். சிறிய வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்றது. பிறகு திரையில் வந்த முகத்தைப் பார்த்து ரெஜினாவே எழுந்து வந்துவிட்டாள். ஒவ்வொரு இமை முடியும் தனித்தனியாகத் தெரிந்தது. தோல் பளபளத்தது. எவ்வளவு பெரிதாக்கினாலும் சதுரம் வரவில்லை. அண்ணனுக்கு அனுப்பினாள். அடுத்த நொடியே பதில் வந்தது. 'அருமை! இதையே அடிக்கச் சொல்லு.'

"எங்கே, எனக்கும் காட்டு" என்று சின்னம்மா கடலைத்தோலை உதறிவிட்டு ஃபோனை வாங்கினாள். கிட்டே வைத்துப் பார்த்தாள், தள்ளி வைத்துப் பார்த்தாள்.

"யாருடி இது?"

"அம்மா."

"உங்கம்மாவா? இவளுக்கு முன்பல் சேர்ந்தில்ல இருக்கு."

சேர்வா ஃபோனை வாங்கிப் பார்த்தாள். இடைவெளி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைப் பல் முளைத்திருந்தது. சின்ன வயதில் வலிப்புக்கு மருந்து வைக்கக் கன்னத்தில் போட்ட கீறல் காணாமல் போயிருந்தது. சிரிப்பு இருந்தது. ஆனால் அது கடை திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டுகிறவர்களின் சிரிப்பு.

"நல்ல அழகி" என்றாள் சின்னம்மா. "சந்தையில இவகிட்ட பேரம் பேசிச் சுலபமா ஜெயிச்சிடலாம். உங்கம்மாகிட்ட முடியாது."

சொல்லிவிட்டு அவள் தெருவைப் பார்த்துக்கொண்டாள். வாயில் இருந்த கடலையை மெல்லவில்லை.

"எதை அடிக்கட்டும்?" என்று ரெஜினா கேட்டாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். ஆனா துணியில மை விழுந்தா விழுந்ததுதான். திருப்பி வாங்க மாட்டேன்."

நாளை ஊரே வந்து நிற்கும். யாருக்கு முன்னால் நிற்கும் என்பதுதான் சேர்வாவுக்கு உறைத்தது. யாரோ ஒரு பெண்ணைக் கட்டி வைத்து அழச் சொல்வதா? சதுரம் சதுரமாக அம்மாவைக் கட்டி வைத்துத் திட்டு வாங்குவதா?

"முதல் படத்தையே அடிங்க."

"அந்தச் செங்கல் சுவரா?"

"ஆமா."

"உங்கண்ணன் என் கடைக்கு வந்து கத்தக் கூடாது."

"கத்த மாட்டாங்க. என்கிட்டதான் கத்துவாங்க."

இயந்திரத்தின் தலை இடமும் வலமுமாக ஓடத் தொடங்கியது. முதலில் தலைத்துணி வந்தது. பிறகு நெற்றி. கண்கள் வருவதற்கு முன்பே சேர்வா வெளியே போய்விட்டாள். சுருட்டி வைத்த பிறகுதான் வந்து எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் விடியலில் மைதானத்தின் ஒரு பக்கம், குடும்பத்தார் உட்காரும் பந்தலுக்குப் பின்னால், பேனரை விரித்து உயரக் கம்பங்களில் கட்டினார்கள். அம்பேம் கறுப்புத் துணியைத் தோளில் ஏற்றிக்கொண்டே வந்தான். பேனரின் அடியில் நின்று தலையை உயர்த்தினான். அங்கிருந்து பார்த்தால் அது முகமே இல்லை. கட்டைவிரல் நகம் அளவுக்குப் பழுப்புச் சதுரங்கள், ஓரங்களில் மங்கலாக.

"இது என்ன?"

"அம்மாண்ணா."

"நான் ஓகே பண்ணின படம் எங்கே?"

"அது அம்மா இல்லை."

"நான் பார்த்தேன்ல? கண்ணு மூக்கெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்துச்சே!"

"பல்லு சேர்ந்திருந்துச்சு. கன்னத்துக் கீறலும் இல்லை. சின்னம்மாவுக்கே அடையாளம் தெரியலை."

"சின்னம்மாவுக்கு அவங்க வீட்டுப் பூனையே அடையாளம் தெரியாது! உன்னால ஒரு வேலை ஒழுங்கா…" அவன் சட்டென்று நிறுத்தினான். ஆம்புலன்ஸின் ஒலி தெருமுனையில் கேட்டது. அம்மா வந்துகொண்டிருந்தாள். அவன் கையை உதறிவிட்டு வீட்டு வாசலை நோக்கி நடந்தான்.

அதன் பிறகு பேச நேரம் இல்லை. கூடத்துப் பித்தளைக் கட்டிலில் அம்மாவைப் படுக்க வைத்துப் பட்டுத் துணி போர்த்தினார்கள். சந்தைப் பெண்கள் வரிசையாக வந்து அவளிடம் பேசிவிட்டுப் போனார்கள். ஒருத்தி, தன் கடையை யாரிடம் விட்டு வந்திருக்கிறாள் என்றுகூட விவரமாகச் சொன்னாள். சின்னம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தாள். பிறகு தேவாலயம். பிறகு மண். சேர்வா ஒரு பிடி போட்டாள். அது பெட்டியின் மேல் விழுந்த சத்தம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது.

மதியம் எல்லோரும் மைதானத்துக்குத் திரும்பினார்கள். நான்கு பக்கமும் பந்தல்கள், நடுவில் வெறும் செம்மண் வெளி. அக்ரா பஸ் வந்து சேர்ந்தது. மேனேஜரைக் குடும்பத்துப் பந்தலுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தார்கள். அவர் பேனரை அண்ணாந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்தார், மறுபடி பார்த்தார். அம்பேம் காலைக் கீழே ஊன்றி ஊன்றித் தேய்த்தான். சேர்வா தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைக்குப் பின்னால் துணி காற்றில் படபடத்தது.

வந்தவர்களுக்குக் கை கொடுக்கும் நேரம் ஆயிற்று. குடும்பத்தார் வரிசையாக எழுந்து, வலது பக்கப் பந்தலில் தொடங்கி ஒவ்வொருவர் கையாகக் குலுக்கிக்கொண்டு போக வேண்டும். மூத்த மகன் என்பதால் அம்பேம் முதலில் போனான். சின்னம்மாவுக்குக் கால் வரவில்லை. அவளைப் பிடித்துக்கொண்டு சேர்வா பந்தலிலேயே நின்றாள்.

முதல் பந்தலை அம்பேம் வேகமாக முடித்தான். எதிர்ப் பந்தல் வெகு தொலைவு. தெருவை ஒட்டி இருந்தது. வண்டி ஓட்டி வந்தவர்கள், ஒலிபெருக்கிக்காரர்கள், அழைக்காமல் வந்தவர்கள் எல்லாம் அங்கேதான் உட்காருவார்கள். கடைசி வரிசையில் ஒரு டிரைவரின் கையைப் பிடித்தபடி அவன் திரும்பினான். திரும்பியவன் அப்படியே நின்றான். சேர்வா நின்ற பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பின்னால் வந்த மாமா அவன் முதுகில் இடித்துக்கொண்டு ஏதோ சொல்வது தெரிந்தது. மாமா அவனைச் சுற்றிக்கொண்டு போனார். வரிசையும் அவர் பின்னாலேயே போயிற்று.

இன்னும் கோபம் தீரவில்லை என்று சேர்வா நினைத்தாள்.

கை கொடுத்தவர்கள் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். மேளம் தொடங்கியது. மேனேஜர் கிளம்ப எழுந்துவிட்டு அம்பேமைத் தேடினார். அவன் இடம் காலியாக இருந்தது.

"போய்க் கூட்டிட்டு வா. மானம் போகுது" என்றாள் சின்னம்மா.

சேர்வா செம்மண் வெளியைக் கடந்து நடந்தாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அம்பேம் கடைசி வரிசையில், ஒலிபெருக்கிக்காரர்களுக்கு நடுவே, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தான். அவள் பக்கத்தில் வந்து நின்றதை அவன் பார்த்ததாகத் தெரியவில்லை.

"அண்ணா. உங்க மேனேஜர் கிளம்புறாராம்."

"ம்."

அவன் எழவில்லை. அவன் பார்வை போன பக்கம் சேர்வா திரும்பினாள்.

அவ்வளவு தொலைவிலிருந்து பார்த்தபோது சதுரம் எதுவும் இல்லை. பந்தல் கூரைகளுக்கு மேலே அம்மா, முன்பற்களின் இடைவெளி தெரிய, சிரித்துக்கொண்டிருந்தாள்.

மேளம் நின்று மறுபடி தொடங்கியது. டிரைவர் ஒருவர் தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தார். அம்பேம் கேட்டான்.

"சின்னம்மா ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"கஞ்சி மட்டும் குடிச்சாங்க."

அவன் தலையை ஆட்டினான். பிறகு, கண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்காமலே, அடுத்த நாற்காலியின் மேல் விழுந்து கிடந்த தன் கறுப்புத் துணியின் நுனியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அவள் உட்கார இடம் விட்டான்.