வீட்டுப் பாத்தி

லாரன்ஸின் கொல்லையில் வெள்ளரி இரண்டு இடத்தில் படர்ந்திருக்கும். ரோட்டோரம் முக்கால் ஏக்கரில் இருப்பது சந்தைக்கு. கிணற்று மேட்டுக்குப் பின்னால், நாலு பேர் பாய் விரித்துப் படுக்கிற அளவுக்கு இருப்பது வீட்டுக்கு. ஒரே விதை, ஒரே எரு, ஒரே கிணற்றுத் தண்ணீர். வித்தியாசம் ஒன்றுதான். வீட்டுப் பாத்திக்கு மருந்து அடிப்பதில்லை.

இதை என்னவோ லாரன்ஸ்தான் கண்டுபிடித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரைக்கும் காய்கறி போடுகிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் இப்படி ஒரு பாத்தி உண்டு. கத்திரி போடுகிறவனுக்குக் கத்திரி, வெண்டை போடுகிறவனுக்கு வெண்டை. யாரும் யாரிடமும் சொல்வதில்லை, யாருக்கும் தெரியாமலும் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் பக்கத்து ஆட்கள் ஒரு பாத்தியையே மறைத்து வைத்திருக்கிறார்கள்.

மருந்தில்லாமல் விற்றுப் பார்க்காதவன் இல்லை லாரன்ஸ். பழ ஈ ஒரு பிஞ்சைக் கொட்டினால் போதும், கொட்டின இடத்தில் காய் வளைந்துகொள்ளும், பழுப்பாக ஒரு புள்ளி விழும். கள்ளக்குறிச்சி மண்டியில் அந்தக் காயை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள். மண்டிக்காரரைச் சொல்லி என்ன பண்ண, கடைக்காரர்கள் எடுப்பதில்லை. கடைக்காரரைச் சொல்லி என்ன பண்ண, வாங்க வருகிறவர்கள் நேராகப் பளபளவென்று இருப்பதைத்தான் பொறுக்குகிறார்கள். ஆக, ஊரார் கண்ணுக்கு அழகாக இருக்க வேண்டும் என்று லாரன்ஸ் மருந்து டேங்கை முதுகில் மாட்டினான். சாயந்திரம் அடித்தான், விடிந்ததும் பறித்தான். அடித்த பிறகு சில நாள் காத்திருந்து பறிக்கச் சொல்லி டப்பாவில் போட்டிருக்கத்தான் செய்கிறது. காத்திருந்தால் பிஞ்சு முற்றிப் பழமாகிவிடும், பழத்தை யார் தொடுவார்கள்?

டேங்கைக் கழுவுவது ஏரி வாய்க்காலில். ஒருமுறை அங்கே கெண்டைக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்ததைப் பார்த்தான். அதற்குப் பிறகு கழுவும்போது தண்ணீரைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டான். மலையிலிருந்து இறங்கி வரும் தேனீக்கள் ரோட்டோரக் கொடியில் பூவுக்கடியில் செத்துக் கிடந்ததை அவன் மனைவி பிரின்சி உள்ளங்கையில் அள்ளிக்கொண்டு வந்து காட்டினாள். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனும் நாலு வார்த்தை திருப்பித் திட்டிவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பான்.

போன வருஷம் தவக்காலத்தில் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் பண்ணப் போனான். பூசைக்கு வராதது, குடித்தது, பங்காளியை வாய்க்கு வந்தபடி பேசியது எல்லாம் சரளமாக வந்தது. வெள்ளரிக்காய் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. இதைப் பத்துக் கட்டளையில் எதற்குக் கீழே சொல்வது? திருடவில்லை. பொய் சொல்லவில்லை, யாரும் கேட்டால்தானே சொல்வதற்கு. கொலை செய்யாதிருப்பாயாக என்கிற இடத்தில் மனசு ஒரு கணம் தடுக்கியது. சேச்சே என்று உதறிவிட்டு, அவ்வளவுதான் சாமி என்று எழுந்து வந்துவிட்டான்.

இத்தனையையும் அவன் ஒருவாறு செரித்துக்கொண்டுதான் இருந்தான், அவன் தங்கை ஏஞ்சலின் உண்டாகும் வரைக்கும்.

ஏஞ்சலினைக் கள்ளக்குறிச்சியில் பிரிட்டோவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது. பிரிட்டோ சென்னையில் வேலை, வாரக் கடைசியில் வருவான். மாமியார் உபகாரமேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கல்யாணமாகி வெகுநாள் கழித்துத் தங்கிய கரு. அதிலும் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது, சோற்றைக் குறைத்துக்கொண்டு காய்கறியை நிறையச் சாப்பிடு என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஏஞ்சலினுக்கும் மசக்கையில் வேறு எதுவும் இறங்கவில்லை. வெள்ளரிப் பிஞ்சு மட்டும் இறங்கியது. உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுக்கொண்டு நாள் முழுக்க மென்றாள்.

லாரன்ஸ் தன்னுடைய எக்செல் வண்டியில் உபகாரமேரியின் கடைக்கு ஒரு கூடையும், தங்கைக்கு ஒரு பையும் கொண்டுபோய் இறக்குவான். கூடை ரோட்டோரத்துக் காய். பை வீட்டுப் பாத்திக் காய். தங்கைக்கு நல்லதைத்தான் கொடுக்கிறோம் என்கிற ஒரு நினைப்பு அவனை இரவில் தூங்க வைத்தது.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஏஞ்சலினிடமிருந்து போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. கடைக்கு அனுப்புகிற காயெல்லாம் கண்ணைப் பறிக்கிறது, தனக்கு வருவது மட்டும் வளைந்தும் சொத்தையுமாக வருகிறதே, விற்றது போக மிச்சத்தைக் கட்டி அனுப்புகிறாயா என்று கேட்டாள். "கடைக்குன்னா சிங்காரிச்சு அனுப்புறாரு, தங்கச்சிக்குன்னா கூனும் குருடுமா அனுப்புறாருன்னு அத்தை எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிக்கிறாங்கண்ணா. எனக்கு ஒரு மாதிரி இருக்குது" என்றாள்.

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். கூனும் குருடும்தான் பாப்பா நல்லது, அதைத்தான் நாங்களும் சாப்பிடுகிறோம் என்று ஒரே வரிதான். ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால், கூடையில் இருப்பது என்ன என்கிற அடுத்த வரியையும் சொல்லியாக வேண்டும். கூடையை வாங்கி விற்கிறவர் சம்பந்தி. தங்கை வாழ்கிற வீடு. மானம் வேறு போகிறது. லாரன்ஸ், சரி பாப்பா, வளைகாப்புக்கு ஜோரா கொண்டாரேன் என்று சொல்லிப் போனை வைத்தான்.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் வளைகாப்பு. விடியற்காலையில் அவன் ரோட்டோரத்தில் குனிந்து பிஞ்சு பறித்துக்கொண்டிருந்ததைப் பிரின்சி பார்த்துவிட்டாள். முந்தின நாள் சாயந்திரம்தான் அங்கே மருந்து அடித்திருந்தது.

"சீர்த்தட்டுக்கு மட்டுந்தானே?" என்று கேட்டாள்.

"தட்டுக்குத்தான். அழகுக்கு வைக்கறது. அவ சாப்புடறதுக்கு முன்னாடி சொல்லிடுவேன்" என்றான். சொல்லும்போது அவனும் அதை நம்பினான்.

உபகாரமேரி வீட்டுக்குள் நுழைய இடமில்லாமல் பெண்கள் கூட்டம். வாழைப்பழம், மாம்பழம், இனிப்பு என்று வரிசையாக வைத்த தட்டுகளில் வெள்ளரித் தட்டுதான் கண்ணை இழுத்தது. ஒரே நீளத்தில், ஒரே பச்சையில், கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தான். உபகாரமேரி அதைப் பார்த்துவிட்டு, இப்பத்தான் தம்பிக்குத் தங்கச்சி மேலே பாசம் வந்திருக்கிறது என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். கூட்டம் சிரித்தது. லாரன்ஸும் சிரித்து வைத்தான்.

செபம் சொல்லி முடித்து, கன்னத்தில் சந்தனம் பூசி, கை நிறைய வளையல் அடுக்கினார்கள். அவன் தங்கைக்குப் பக்கத்தில் போவதற்கு வழி பார்த்துக்கொண்டே நின்றான். பெண்கள் கூட்டத்துக்குள் எப்படி நுழைவது, நுழைந்து எப்படிச் சொல்வது. அதற்குள் ஏஞ்சலின் கையை எட்டி உச்சியிலிருந்த பிஞ்சை எடுத்துவிட்டாள்.

"கழுவிட்டு, பாப்பா" என்றான் லாரன்ஸ். சத்தம் அவனுக்கே கேட்கவில்லை.

அவளுக்குக் கேட்டது. "நம்ம கொல்லைக் காய்தானே, இதுக்கு இன்னாத்துக்கு கழுவணும்" என்று சிரித்தாள். புடவைத் தலைப்பில் ஒரு துடை துடைத்துக் கடித்தாள்.

லாரன்ஸ் பாய்ந்து பிடுங்கியிருக்க வேண்டும். கால் நகரவில்லை. அவன் முகம் வெளுத்ததைத் தவறாகப் புரிந்துகொண்ட உபகாரமேரி அவனைச் சமாதானப்படுத்த வந்தார். "அவளுக்கு நான் ஒண்ணும் கொறை வைக்கலை தம்பி. மசக்கை ஆரம்பிச்சதிலருந்து தெனம் கடைக் கூடையில நல்ல நல்ல காயா பொறுக்கி எடுத்துகினு வந்து நான்தான் குடுக்கறேன். நீ குடுக்கற பை ஆட்டுக்குத்தான் போவுது. கோச்சிக்காத" என்றார்.

அவர் நல்லவர். மருமகளுக்குப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியிருக்கிறார். மற்றவர்களைப் போலவே கண்ணால் பொறுக்கியிருக்கிறார்.

இத்தனை மாதமும் வீட்டுப் பாத்திக் காயைத் தின்றது ஆடு. ரோட்டோரத்துக் காயைத் தின்றது தங்கை. லாரன்ஸுக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று ஏஞ்சலினைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். என்னவோ ஏதோ என்று உபகாரமேரியும் பின்னாலேயே வந்தார்.

அங்கே சொன்னான். நின்றபடி, சுவரைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னான். இரண்டு பாத்தி இருப்பதை, எதற்கு மருந்து, எப்போது அடிப்பது, எப்போது பறிப்பது, கூடையில் என்ன போகிறது, பையில் என்ன போகிறது. சொல்லிக்கொண்டு வரும்போதே உபகாரமேரி போய்க் கதவைச் சாத்தினார்.

ஏஞ்சலின் வயிற்றின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தான், அழவில்லை.

"என் கையில குடுக்கறப்ப மட்டும் உனக்கு வெஷம்னு தெரிஞ்சிருக்குது" என்றாள். "கடையில வந்து வாங்கினு போறவங்கள்லாம் யாரு வூட்டு தங்கச்சின்னு நெனச்ச?"

நாளைக்கே டாக்டரம்மாவிடம் போய்க் காட்டிவிட்டு வரலாம், பரிசோதனை எது சொன்னாலும் பண்ணலாம் என்று உளறினான். குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்ல வாயெடுத்தான். அதைச் சொல்ல அவனுக்கு என்ன தெரியும்? பாதியில் விழுங்கிவிட்டான்.

தான் கையால் நிறுத்துக் கொடுத்த காயெல்லாம் உபகாரமேரியின் கண்ணுக்குள் ஓடியிருக்க வேண்டும். கடைசியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நடந்தது நடந்துபோச்சு. வெளிய மூச்சு வுடாத தம்பி. இனிமே அந்தப் பைய ஆட்டுக்குப் போட மாட்டேன். எனக்கும் சேத்து ரெண்டு பையா கொண்டா" என்றார்.

வெட்கக்கேடு என்னவென்றால், அதைக் கேட்டதும் லாரன்ஸுக்கு நெஞ்சு லேசானது. சொல்லியாகிவிட்டது. உறவும் போகவில்லை, கூடையும் நிற்கவில்லை. வீட்டுப் பாத்தியைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் போதும். கதவைத் திறந்துகொண்டு மூவரும் வெளியே வந்தார்கள்.

கூடத்தில் வெள்ளரித் தட்டு பாதி காலியாகியிருந்தது. யாரோ பிஞ்சுகளைக் கீறி, உப்பும் தூளும் தடவிச் சுற்றுக்கு விட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம், பிள்ளை வேண்டும் என்று காத்திருக்கிற பெண்ணுக்கு வளைகாப்புக்காரியின் தட்டிலிருந்து எடுத்துக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு மருமகள் அபிநயாவுக்கு அப்படித்தான் பெரியவர்கள் எல்லாம் மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கல்யாணமாகி வருஷம் ஓடியும் வயிறு திறக்காதவள். கையில் பாதி கடித்த பிஞ்சு இருந்தது, மடியில் இன்னும் இரண்டு இருந்தன.

ஏஞ்சலின்தான் முதலில் போனாள். "அதை வச்சிடு அபிநயா. கசக்குது" என்றாள்.

"இல்லைக்கா, தேனா இனிக்குது" என்று அபிநயா இன்னொரு கடி கடித்தாள்.

ஏஞ்சலின் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். உபகாரமேரியும் அவனைப் பார்த்தார். இரண்டு பார்வையும் இரண்டு விதமாக இருந்தன. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவனுக்கு நெஞ்சு மட்டும் இல்லை, உடம்பு முழுக்கக் குறுகுறுத்தது.

"சாப்புடாதம்மா. நேத்து சாயந்திரம்தான் அதுக்கு மருந்து அடிச்சேன்" என்றான். இந்தமுறை எல்லோருக்கும் கேட்டது.

ஒரு பெரியம்மா, இந்தக் காலத்தில் மருந்தில்லாத காய் எங்கே கிடைக்கிறது, மஞ்சள் தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று சொன்னார். ஆமாம் என்றார்கள் இரண்டு பேர். உப்புத் தண்ணீர்தான் நல்லது என்றார் இன்னொருவர். சிரிப்பு வந்தது, உபகாரமேரிதான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். அவ்வளவு சுலபமாக மன்னித்துவிடுவார்கள் என்று லாரன்ஸ் எதிர்பார்க்கவில்லை. மருந்து எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதை ஒப்புக்கொண்டால் ஒன்றும் ஆவதில்லை.

அபிநயா மட்டும் சிரிக்கவில்லை. சமையல் குறிப்பு கேட்கிற மாதிரி வெள்ளந்தியாகக் கேட்டாள்.

"அப்ப உங்க வூட்டுல இன்னாண்ணா சாப்புடுவீங்க?"

நாங்களும் இதையேதான் சாப்பிடுகிறோம் என்று சொல்லியிருந்தால் காபி வந்திருக்கும், வளையலை வாங்கிக்கொண்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த வார்த்தை அவன் வாயில் தயாராக இருந்தது. ஏஞ்சலின் இன்னும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்குத் தனியா ஒரு பாத்தி இருக்குதும்மா" என்றான் லாரன்ஸ். "அதுக்கு மருந்து அடிக்க மாட்டோம்."

கைகளில் இருந்த துண்டுகளை என்ன பண்ணுவது என்று தெரியாமல் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உபகாரமேரி தலையைக் குனிந்துகொண்டு தட்டுகளை அடுக்கத் தொடங்கினார்.

அபிநயா மடியிலிருந்த பிஞ்சுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். கடித்த பாதியையும் வைத்தாள். கோபப்படுவாள் என்று லாரன்ஸ் காத்திருந்தான். அவள் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, தப்பு தன்மேல்தான் என்பது மாதிரி அவனைப் பார்த்தாள்.

"எனக்கு இது தெரியாதுண்ணா" என்றாள்.