கவரோடு வைக்க வேண்டிய செடிகள்

எங்கள் பீங்கான் கம்பெனி வளாகத்தில் பதினெட்டு வருஷமாக ஒரு புல் முளைத்ததில்லை. முளைத்தால் முதலாளி ஆதிநாராயணன் மருந்தடிக்கச் சொல்லிவிடுவார். லாரி திரும்ப இடம் வேண்டும், அச்சுகளைக் காயவைக்க இடம் வேண்டும், உடைந்த கப்பையும் சாசரையும் கொட்ட இடம் வேண்டும். அப்படிப்பட்ட மனுஷர் போன ஆடி மாதம் என்னைக் கூப்பிட்டு, "செந்தமிழா, நம்ம கம்பெனியச் சுத்தி ஒரு தோட்டம் போடணும்யா" என்றார். ஆளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. சென்னையில் ஏழெட்டு ஹோட்டல் நடத்துகிற ஒரு கம்பெனி, தட்டும் கோப்பையும் மொத்தமாக விருத்தாசலத்தில் வாங்கலாமா என்று விசாரித்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒரு நிபந்தனை. பொருள் செய்கிற இடத்தில் மரம் செடி இருக்க வேண்டும், சுற்றிலும் செடிவேலி இருக்க வேண்டும், அதை அவர்கள் ஆள் வந்து நேரில் பார்க்க வேண்டும். டீ குடிக்கிறவனுக்குக் கோப்பை எந்த மரத்துப் பக்கத்தில் செய்தது என்று என்ன தெரியப்போகிறது? ஆனால் ஆர்டர் பெரிய ஆர்டர். முதலாளிக்கு ஒரே வாரத்தில் இயற்கை மேல் பாசம் வந்துவிட்டது.

அவர் மச்சான் அர்ச்சுனன் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டில் நர்சரி வைத்திருக்கிறார். முந்நூறு இட்லிப்பூச் செடியும், ஆளுயரத்துக்குப் புங்கன், மகிழம், கொன்றை என்று நாற்பது கன்றும் இரவல் தர ஒத்துக்கொண்டார். எல்லாம் மங்கலம்பேட்டைப் பக்கம் மனை போடுகிற ஒருவருக்கு ஏற்கெனவே பேசிவைத்தவை. பார்க்க வருகிறவர்கள் வந்துவிட்டுப் போனதும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

"கருப்பு பிளாஸ்டிக் கவரோடவே குழியில எறக்கி மேல மண்ணத் தள்ளிடணும்" என்றார் முதலாளி. "பாக்கறவனுக்கு நட்ட மாதிரி இருக்கணும். திருப்பி எடுக்கறப்ப முழுசா வரணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

"வேல செய்யற ஆளுகிட்ட திருப்பிக் குடுக்கறதச் சொல்லிடாத. வர்றவங்க எதுனா கேட்டா உளறி வச்சிடும்."

அந்த ஆள் அம்சவல்லி. இங்கேதான் என் யோக்கியதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அம்சவல்லி அக்கா பதினொரு வருஷமாக எங்கள் பவுடர் ரூமில் வேலை செய்தவர். வெள்ளைக் கல்லை மில்லில் போட்டு மாவாக அரைத்துச் சலிக்கிற அறை அது. இரண்டு ஜன்னல் உண்டு. மாவு வெளியே பறந்து வீணாகக் கூடாது என்று இரண்டையும் சாத்தியே வைத்திருப்போம். அதனால் மாவு வெளியே போகாது, உள்ளே இருக்கிறவர்கள் நெஞ்சுக்குள் போகும். போன வருஷம் அவருக்கு இருமல் வந்தது. வந்தது போகவேயில்லை. கடலூரில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் கல் தூசி படிந்திருக்கிறது, இனி அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, வைத்தால் அப்புறம் தன்னிடம் வந்து பிரயோஜனமில்லை என்று சொல்லி ஒரு லெட்டரும் எழுதிக் கொடுத்தார்.

அந்த லெட்டரை அக்கா என்னிடம்தான் கொடுத்தார். சூப்பர்வைசர் நான்தானே. நான் முதலாளியிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். மடித்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார்.

"தோட்ட வேலைக்கு இந்தப் பொம்பளையப் போடு" என்றார். "ரெண்டு வாரத்துக்கு இதுவும் சத்தம் போடாது. அப்புறம் பாத்துக்கலாம்."

நான் போய் அக்காவிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒனக்கு இனிமே தோட்டந்தான்க்கா. அந்த ரூம் பக்கமே நீ போக வேணாம்" என்று சொன்னேன். இரண்டு வாரம் என்று சொல்ல வாய் வரவில்லை. நல்லவன் என்று பெயர் வாங்குகிற ஆசை எனக்கு எப்போதும் கொஞ்சம் அதிகம்.

"நெசமாவா தம்பி?"

"நெசமாத்தான்."

அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீட்டுக்காரர் போய் ஆறு வருஷம். மகள் கயல்விழி பன்னிரண்டாவது படிக்கிறாள். இந்த வேலையை விட்டால் வேறு கம்பெனிதான், அங்கேயும் பவுடர் ரூம்தான். "எம் புள்ள படிச்சு முடிக்கற வரைக்குமாவது நா இருந்துடுவேன் தம்பி" என்றார்.

அதற்கு மேல் கவர் பேச்சை எடுக்க என்னால் முடியவில்லை. கவரோடு வை என்றால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் செடி திரும்பிப் போவது தெரிந்துவிடும். செடி போனால் தோட்டம் ஏது, தோட்டக்காரி ஏது? வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு, "வரிசையா வச்சிடுக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அக்கா பிறந்தது எங்கள் கடலூர் மாவட்டத்து மங்களூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில். நடுவது என்றால் அவருக்கு நடுவதுதான். எங்கள் மண்ணில் கடப்பாரையைப் போட்டால் ணங்கென்று சாசர்தான் மாட்டும். பதினெட்டு வருஷத்து உடைசலை ஒவ்வொரு குழியிலிருந்தும் கையால் பொறுக்கி எடுத்தார். ஏரி வண்டலும் மக்கின சாணமும் வேண்டும் என்று நச்சரித்து ஒரு டிராக்டர் கொண்டுவரச் செய்தார். கயிறு கட்டி, இரண்டு வரிசையாக, முன்வரிசைச் செடிகளுக்கு நடுவில் பின்வரிசைச் செடி வருகிற மாதிரி வேலி வைத்தார். அப்படி வைத்தால்தான் சீக்கிரம் அடைத்துக்கொள்ளுமாம்.

இரண்டாம் நாள் மத்தியானம் நான் போனபோது எண்பது செடி நட்டிருந்தார். பக்கத்தில் எண்பது கருப்புக் கவர், கழுவி, அடுக்கி, பறக்காமல் மேலே ஒரு கல் வைத்து இருந்தது.

"கவர நர்சரிக்காரங்களுக்கே குடுத்துடு தம்பி. திருப்பி ஒதவும்" என்றார். பிளேடால் ஒரு கவரைப் பக்கவாட்டில் கீறி, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்கிக் காட்டினார். "இது ஒடைஞ்சா வேர் அந்து போயிடும். பச்சக் கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கணும்."

இன்னும் இருநூற்று அறுபது பாக்கி. அப்போதே நிறுத்தியிருக்கலாம். எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "வெயில்ல ரொம்ப நேரம் நிக்காதக்கா." சொல்லிவிட்டு ஆபீசுக்கு வந்து ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துகொண்டேன். பத்து நாளில் எடுக்கப்போகிறோம், மண்கட்டியோடு தோண்டி வேறு கவரில் போட்டுக்கொள்ளலாம், அர்ச்சுனன் கொஞ்சம் கத்துவார், அவ்வளவுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சென்னைக்காரர்கள் பத்து நாளில் வரவில்லை. அடுத்த வாரம் என்றார்கள். அப்புறம் மாசக் கடைசி என்றார்கள். இப்படியே ஆறு வாரம் ஓடியது. ஆவணி மழை இரண்டு பிடி பிடித்தது. இட்லிப்பூ புதுக் கொழுந்து விட்டது, புங்கன் பளபளவென்று தளிர்த்தது. அக்காவும் தேறினார். இருமல் அடியோடு போகவில்லை, ஆனால் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை நிறுத்துகிற இருமலாக இல்லை. ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, "நேத்து முழுக்கப் படுத்துத் தூங்குனேன் தம்பி. செவுத்துல சாஞ்சு ஒக்காரவே இல்ல" என்று சொன்னார். அதைச் சொல்ல எனக்காக வாசல் கேட் பக்கத்தில் காத்திருந்திருக்கிறார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. முதலாளி காரில் வரும்போது கண்ணாடி வழியாகப் பார்த்து, நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு வழியாகச் சென்னைக்காரர்கள் வந்தார்கள். தலைமையில் வந்த பெண் தமிழினி. முப்பது வயசு இருக்கும். காரிலிருந்து இறங்கியதும் வேலிப் பக்கம் போய்க் குனிந்து ஒரு செடியின் அடியைப் பிடித்து இழுத்தார். முதலாளி முகம் செத்துவிட்டது. செடி அசையவில்லை. இன்னொன்றை இழுத்தார். அதுவும் அசையவில்லை.

"யார்மா நட்டது?" என்று கேட்டார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். குழி எத்தனை அடி, எவ்வளவு வண்டல், எவ்வளவு சாணம், முதல் வாரம் தண்ணீர் எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். "கவர பிளேடால கீறி எடுத்துட்டு, கட்டி ஒடையாம வச்சோம்மா" என்றபோது முதலாளி என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்துக்கொண்டேதான் பார்த்தார்.

"மத்த எடத்துல எல்லாம் தொட்டியப் பொதைச்சு வச்சு ஏமாத்தறாங்க சார். நீங்கதான் உண்மையா நட்டிருக்கீங்க" என்றார் தமிழினி. ஆர்டர் அன்றைக்கே உறுதியாகிவிட்டது.

மறுநாள் அர்ச்சுனன் வேனோடு வந்தார். ஒரு புங்கனைச் சுற்றித் தோண்டித் தூக்கினார். வேர் படபடவென்று அறுந்தது, மண் உதிர்ந்தது. கன்று ஒரு மணி நேரத்தில் இலையைத் தொங்கப்போட்டுவிட்டது.

"இதுக்கு மேல எடுத்தா ஒண்ணுகூடப் பொழைக்காது மாமா. எல்லாம் வேர் புடிச்சிருச்சு. மனைக்காரனுக்கு நா என்ன பதில் சொல்றது?" என்றார் அர்ச்சுனன்.

முதலாளி என்னையும் அக்காவையும் அங்கேயே நிற்கவைத்தார்.

"கவரப் பிரிக்கக் கூடாதுன்னு ஒங்கிட்ட சொன்னேன்ல? நீ இதுகிட்ட சொன்னியா இல்லியா?"

சொல்லவில்லை என்று ஒத்துக்கொண்டால் என் வேலை போகும். எனக்கும் குடும்பம் இருக்கிறது. இதைத்தான் அப்போது நினைத்தேன். அக்காவுக்கும் இருக்கிறது என்பது நினைவுக்கு வராமல் இல்லை.

"சொன்னேன் சார். அவங்கதான் கேக்கல."

அக்கா என்னைப் பார்த்தார். பொய் என்று அவர் சொல்லியிருக்கலாம். தோட்டம் உனக்கு நிரந்தரம் என்று சொன்னவன் நான், என்னைக் காட்டிக்கொடுத்தால் அதுவும் போய்விடும் என்று பயந்தாரோ என்னவோ. "தெரியாம செஞ்சிட்டேன் சார்" என்றார். "செடிங்கள நல்லாப் பாத்துக்கறேன் சார்."

முதலாளிக்குக் கோபம் அவ்வளவுதான். ஆர்டர் கையில் இருக்கிறதே. "சரி வுடு, நெசமா நட்டதாலதான் அந்தப் பொண்ணு மயங்குச்சு. ஒனக்கு வேற செடி வாங்கித் தரேன்டா" என்று மச்சானிடம் சிரித்தார். அக்கா முகத்தில் உயிர் வந்தது. அப்புறம் முதலாளி என் பக்கம் திரும்பினார்.

"வேர் புடிச்சிருச்சுன்னு இவனே சொல்றான். மழையும் வரப்போவுது. இனிமே அதுவா வளரும், ஆளு எதுக்கு? ஆர்டருக்கு மாவு பத்தாது, பவுடர் ரூம்ல ரெண்டு ஆளு கொறையுது. நாளையிலேர்ந்து இத அங்கப் போடு."

"சார், அங்க போவக் கூடாதுன்னு டாக்டர் லெட்டரு…" என்று ஆரம்பித்தார் அக்கா.

"எந்த லெட்டரு?"

கேட்டது அக்காவிடம், பார்த்தது என்னை. டிராயர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். முதலாளி, "அப்படி எதுவும் எனக்கு வரல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மறுநாள் காலையில் அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்வேன். வந்தால் நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எட்டு மணிக்கு வந்தார். தோட்டத்துப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் பவுடர் ரூம் வாசலுக்கு வந்து, புடவைத் தலைப்பை மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார்.

"ரெண்டு மாசந்தான்க்கா. ஆர்டர் முடியட்டும், நா சார்கிட்ட சொல்லி மாத்திடறேன்" என்றேன்.

துணிக்குள்ளிருந்து பதில் வந்தது. "நீ எதுவும் சொல்ல வேணாம் தம்பி. நேத்து சொன்னியே, அதுவே போதும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மில்லுக்கு சுவிட்ச் வெளியேதான் இருக்கிறது. அதைப் போட வேண்டியது சூப்பர்வைசர். போட்டேன்.